பழைய கேம் பாய்க்கு என்ன கொடுக்கலாம்?

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கெல்லாம் பி.வி.கே. ஐயங்கார் சாலைப் பக்கம் தார்ப்பாய்கள் விரிந்துவிடும். பெங்களூரின் சண்டே பஜார். மூடியில்லாத மிக்ஸி ஜார், ஜோடி தொலைத்த செருப்பு, யாருடையதோ தெரியாத கல்யாண ஆல்பம், சிக்குப்பிடித்த சார்ஜர் வயர்கள். போன மாதம் அப்படி ஒரு வயர்க் குவியலுக்கு அடியிலிருந்து அக்காள் மகன் ஒரு கேம் பாய் அட்வான்ஸ் எஸ்பியை, அதாவது நிண்டெண்டோவின் பழைய கையடக்க வீடியோ கேம் கருவியை, உருவி எடுத்தான். நீல நிறம், மடக்கினால் உள்ளங்கையில் அடங்கும் சதுரம். அதுவரை டீ டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்த கடைக்காரர், அவன் எடுத்த வேகத்தைக் கண்டு நிமிர்ந்தார்.

“அபூர்வமான பொருள், தம்பி. பெங்களூரில் வேறெங்கும் கிடைக்காது. 9,000 ரூபாய்.”

அவர் சிவாஜிநகர்க்காரர். நாங்கள் பேசிக்கொண்டதைக் கேட்டுத் தமிழுக்கு மாறியிருந்தார். அவன் கருவியைத் திருப்பிப் பின்பக்க ஸ்டிக்கரில் இருந்த மாடல் எண்ணை எனக்குக் காட்டி, “ஏஜிஎஸ்-101 மாமா, வாங்கிவிடலாம்” என்று காதருகே சொன்னான். எனக்கு அந்த ஸ்டிக்கரைவிட அதைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக்கின் பளபளப்புதான் கண்ணில் பட்டது. இருபது வருடப் பொருளுக்கு இவ்வளவு பளபளப்பு ஆகாது.

அபூர்வம் என்பதும், இந்த ஊரில் கிடைக்காது என்பதும், 9,000 ரூபாய் என்பதும் மூன்று தனித்தனிச் சங்கதிகள். ஒரே மூச்சில் சொல்லும்போது ஒன்றிலிருந்து ஒன்று பிறந்ததுபோல் தோன்றும். பழைய கையடக்க வீடியோ கேம் வாங்கப் புதிதாக இறங்குபவர் முதலில் அவிழ்க்க வேண்டிய முடிச்சு இதுதான்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் கே.ஆர். மார்க்கெட்டுக்குப் போனவர்களுக்கு நான் சொல்ல வருவது எளிதில் புரியும். பூசணிக்காய் மலைபோல் குவிந்திருக்கும். ஆனாலும் விலை எகிறி நிற்கும். ஊரில் வண்டி வைத்திருக்கும் எல்லோருக்கும் அன்றைக்கு அது வேண்டும். பூஜை முடிந்த மறுநாள் மீந்துபோன நாலைந்து காய்கள் ஓரமாகக் கிடக்கும். எண்ணிக்கையில் அவைதான் குறைவு, கேட்பாரில்லை. எத்தனை இருக்கிறது என்ற கேள்வி பாதிதான். எத்தனை பேர் தேடுகிறார்கள் என்பது மறுபாதி.

கையடக்கக் கருவிகளில் மீந்த பூசணிக்காய்க்கு நல்ல உதாரணம் கிஸ்மாண்டோ. 2005-இல் முதலில் பிரிட்டனிலும் பிறகு அமெரிக்காவிலும் வந்தது. விற்றவை 25,000-க்கும் குறைவு. மறு ஆண்டே நிறுவனம் திவாலாகிவிட்டது. எண்ணிக்கையை மட்டும் வைத்துப் பார்த்தால் இது தங்கத்துக்கு நிகராக விற்க வேண்டும். விற்பதில்லை. அதில் விளையாடிச் சிறுவயதைக் கழித்தவர்கள் அநேகமாக இல்லை. மீண்டும் எடுத்து விளையாடத் தூண்டும் கேம்களும் இல்லை. 1997-இல் டைகர் நிறுவனம் விட்ட கேம்.காம் கருவிக்கும் இதே கதி. மூன்று லட்சம்கூட விற்கவில்லை. இன்றைக்கும் அதைத் துரத்துபவர்கள் சிலரே.

எதிர்ப்பக்கத்தில் நிண்டெண்டோவின் கேம் பாய். 1989-இல் ஜப்பானில் வந்த அந்தச் சாம்பல் நிறச் செங்கல்லும், அதன் வழிவந்த பாக்கெட், லைட், கலர் வகைகளும் சேர்ந்து 11.8 கோடிக்கு மேல் விற்றிருக்கின்றன. இவ்வளவு இருந்தும் நல்ல நிலையில் உள்ள ஒன்றைச் சல்லிசாக வாங்கிவிட முடிவதில்லை. அன்றைய பத்து வயதுப் பிள்ளைகள் எல்லாம் இன்று சம்பளம் வாங்கும் நாற்பதுக்காரர்கள். மதிப்பு என்பதில் பெரும்பங்கு இந்த வயதுக் கணக்குதான் என்பது என் எண்ணம்.

குறைந்த எண்ணிக்கையும் நிறையத் தேடலும் ஒன்றுசேரும் இடத்தில்தான் விலை உண்மையில் ஏறும். கேம் பாய் லைட் அப்படிப்பட்டது. 1998-இல் ஜப்பானில் மட்டும் விற்றார்கள். அந்தக் குடும்பத்தில் திரைக்குப் பின்னால் விளக்கு கொண்ட முதல் கருவி அது. ஆனால் அதே ஆண்டிலேயே கேம் பாய் கலர் வந்து அதன் ஆயுளைச் சுருக்கிவிட்டது. கேம் பாய் வாங்கிச் சேர்ப்பவர்கள் எல்லோருக்கும் ஒன்று வேண்டும். எல்லோருக்கும் போதுமான அளவு இல்லை. 2005-இல் வந்த கேம் பாய் மைக்ரோவும் ஏறக்குறைய இதே வரிசை. கேம் பாய்க்கு அடுத்த தலைமுறையான அட்வான்ஸ் குடும்பம் மொத்தமாக 8 கோடிக்கு மேல் விற்றதில் மைக்ரோவின் பங்கு 24 லட்சம்தான்.

‘பெங்களூரில் கிடைக்காது’ என்ற கூற்றைத் தனியாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் புதிதாக வாங்குபவர்கள் வழுக்கி விழும் இடம் இதுதான். சோனியின் கையடக்கக் கருவியான பிஎஸ்பியை இங்கே கடைகளில் முறையாக விற்றார்கள், அதனால் எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் நாலு கடை ஏறினால் ஒன்றாவது தட்டுப்படும். கேம் பாய் அப்படி வரவில்லை. துபாய் மாமா, சிங்கப்பூர்ச் சித்தப்பா ஆகியோரின் சூட்கேஸில் சென்ட் பாட்டிலுக்கும் டார்ச் லைட்டுக்கும் நடுவே வந்தது. எங்கள் அல்சூர்த் தெருவில் 1994-இல் ஒரே ஒரு வீட்டில்தான் இருந்தது. அந்த வீட்டுப் பையனுக்கு இருந்த மரியாதை கோயில் தர்மகர்த்தாவுக்குக்கூட இருந்ததில்லை. மற்றவர்கள் கையில் எல்லாம் ‘9999 இன் 1’ என்று முகப்பில் எழுதிய சீனத்து பிரிக் கேம். உள்ளே ஏழெட்டு விளையாட்டுகள்தான். மீதி எல்லாம் வேகத்தை மாற்றிப் போட்ட எண்ணிக்கை. அதை இன்று அபூர்வம் என்று யாராவது விற்றால் சிரித்துவிட்டு நகருங்கள். புதிதாகவே செய்துகொண்டிருக்கிறார்கள்.

ஆக, கேம் பாய் பெங்களூரில் அரிது என்பது உண்மைதான். ஆனால் உலகத்தில் அரிது அல்ல. ஜப்பானில் பழைய பொருள் கடைகளில் அது கூடை கூடையாகக் கிடைக்கிறது. இங்கே நான் எப்போதும் போடும் கணக்கு ஒன்று உண்டு: இதே பொருளை ஜப்பானிலிருந்து வரவழைத்தால் என்ன ஆகும்? அங்குள்ள விலை, அனுப்பும் செலவு, சுங்க வரி மூன்றையும் கூட்டினால் வருவதுதான் இந்த ஊர் விலையின் உச்சவரம்பு. கடைக்காரர் எவ்வளவு அழகாகப் பேசினாலும் அதைத் தாண்டிக் கொடுப்பதில் அர்த்தமில்லை. கேம் பாயிலும் அட்வான்ஸிலும் நாட்டுப் பூட்டு கிடையாது. ஜப்பானியக் கருவியில் அமெரிக்கக் கேசட் ஓடும். அதனால் இந்தக் கணக்கு துணிந்து போடலாம். ஆனால் எஸ்பி, பிஎஸ்பி போன்றவற்றில் லித்தியம் பேட்டரி இருக்கிறது. அதை விமானத்தில் அனுப்பக் கட்டுப்பாடுகள் உண்டு என்பதால் செலவும் தொல்லையும் கூடும். சாதாரண பென்சில் பேட்டரி போடும் பழைய கேம் பாய்க்கு அந்தக் கவலை இல்லை.

இந்தக் கணக்கு கைகொடுக்காத ஒன்றைத்தான் அக்காள் மகன் ஸ்டிக்கரில் கண்டான். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அபூர்வத்தின் எண் ஓரிடத்தில் நிற்பதும் இல்லை. மில்டன் பிராட்லி நிறுவனம் 1979-இல் விட்ட மைக்ரோவிஷன், கேசட் மாற்றி விளையாடக்கூடிய முதல் கையடக்கக் கருவி. அதன் திரை காலப்போக்கில் தானாகவே கருகி அழிந்துவிடுகிறது. பெட்டியைப் பிரிக்காமல் அலமாரியில் வைத்திருந்தாலும் இதே கதிதான். விற்றது எத்தனை என்பது அன்றைய செய்தி. இன்று உயிரோடு இருப்பவை எத்தனை என்பதே விலையைத் தீர்மானிக்கும். செகாவின் கேம் கியர் இன்னொரு பாவம். 1990-இல் வந்து ஒரு கோடிக்கு மேல் விற்ற கருவி. வண்ணத் திரை, ஆறு பென்சில் பேட்டரி, சில மணி நேர ஆட்டம். ஆனால் உள்ளே உள்ள சிறு கெபாசிட்டர்கள் ஒழுகி மின்சுற்றுப் பலகையை அரிக்கின்றன. முதலில் சத்தம் குறையும், பிறகு திரை மங்கும். நான் எஸ்.பி. ரோட்டின் சந்து ஒன்றில் வாங்கியபோது சத்தமே வரவில்லை. “ஹெட்போன் போட்டால் வரும்” என்றார்கள். நம்பினேன். வரவில்லை. கெபாசிட்டர்கள் அத்தனையையும் மாற்ற நான் கொடுத்த கூலி, கருவிக்குக் கொடுத்ததைவிட அதிகம். அன்றிலிருந்து கேம் கியர் என்றால் ‘கெபாசிட்டர் மாற்றியதா’ என்பதுதான் என் முதல் கேள்வி; நிறமும் கீறலும் பிறகு.

நிலைமையைப் பார்ப்பது எப்படி என்று கேட்டால், பேட்டரி மூடியைத் திறப்பதிலிருந்து தொடங்குவேன். விற்பவர்கள் முன்பக்கத்தைத் துடைத்து வைப்பார்கள். மூடிக்குள் துடைப்பவர்கள் குறைவு. ஸ்பிரிங்கின் நுனியில் வெள்ளைப் பொடி படிந்திருந்தால் பேட்டரி ஒழுகியிருக்கிறது. பொடி ஸ்பிரிங்கோடு நின்றிருந்தால் பயமில்லை. அல்கலைன் பேட்டரி ஒழுக்கு காரத்தன்மை உடையது. எலுமிச்சைச் சாற்றில் நனைத்த பஞ்சு அதை முறித்துவிடும். நம் வீடுகளில் அதிகம் போட்டது மலிவான சாதா பேட்டரி. அதன் ஒழுக்கு அமிலம். அதற்குச் சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்துத் தடவ வேண்டும். இதை மாற்றிச் செய்து விட்டு, போகவில்லையே என்று தேய்த்துக்கொண்டிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் பச்சை நிறம் ஸ்பிரிங்கின் அடிவரை இறங்கி, இடுக்கு வழியாக உள்ளே போயிருந்தால் பலகையின் செம்புக் கோடுகளைத் தொட்டிருக்கக்கூடும். அப்போது விலையைப் பாதியாக்கிக் கேட்பேன்; மறுத்தால் வைத்துவிட்டு வருவேன். சென்னையிலிருந்து வரும் கருவிகளில் திருகுகளும் துருவேறியிருக்கும். கடற்காற்று இதற்கெல்லாம் இரக்கம் காட்டாது.

அடுத்தது திரை. எல்லாக் குறையும் ஒரே விலைக்குறை ஆகாது. முதல் கேம் பாயில் செங்குத்தாக ஒன்றிரண்டு கோடுகள் தெரியாமல் போயிருந்தால் பலரும் ‘திரை போய்விட்டது’ என்று கைவிடுவார்கள். உண்மையில் திரையின் கீழ் விளிம்பில் ஒட்டியிருக்கும் நாடாவின் பிடி தளர்ந்திருக்கும், அவ்வளவுதான். சால்டரிங் அயர்னால் இதமாகச் சூடேற்றி அழுத்தினால் பெரும்பாலும் கோடு திரும்பிவிடும். இதைத் தெரிந்தவருக்கு அது சலுகை விலையில் கிடைத்த நல்ல கருவி. மாறாக, மூலையில் மை கொட்டியதுபோல் கருமை பரவியிருந்தால் கண்ணாடிக்குள்ளேயே சேதம். திரையை மாற்றுவதைத் தவிர வழியில்லை. சாம்பல் பிளாஸ்டிக் பழுப்பேறியிருப்பது வெயிலின் வேலை. அழகுக் குறைதான், விளையாட வாங்குபவர் அதைக் காட்டிப் பேரம் பேசிவிட்டுச் சந்தோஷமாக வீட்டுக்கு வரலாம்.

சேதம் என்றால் மதிப்பு குறையும் என்பதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. வளைகுடாப் போரில் குண்டுவீச்சில் சிக்கிய ஒரு கேம் பாயின் முகப்பு உருகிக் கருகிவிட்டது. ஆனாலும் அது ஓடியது. நியூயார்க்கில் உள்ள நிண்டெண்டோ கடையில் அது டெட்ரிஸ் ஓடியபடியே பல ஆண்டுகள் காட்சிக்கு இருந்தது. அதைப் பாலிஷ் போட்டு வெண்மையாக்கினால் மதிப்பு போய்விடும். உங்கள் சித்தப்பா கொண்டுவந்த கருவிக்கும் ஒரு கதை இருக்கும். அந்தக் கதைக்கு உங்கள் வீட்டுக்கு வெளியே விலை கிடையாது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

கேசட்டுகள் தனி உலகம்; அங்கே டூப்ளிகேட் ராஜ்ஜியம். போகிமான் எமரால்டு என்பது அட்வான்ஸ் கேசட்டுகளில் விலை கூடியவற்றில் ஒன்று. லட்சக்கணக்கில் விற்றதுதான். கேட்பவர்கள் அதைவிட அதிகம் என்பதால் நகல்களும் அதற்கேற்ப. அசல் கேசட் ஒளி ஊடுருவும் பச்சை நிறம். லேபிளைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால் இரண்டு இலக்க எண் ஒன்று அச்சில்லாமல் அழுத்தி மட்டும் பதித்திருப்பது தெரியும். கேசட்டின் அடிப்பக்கம், தங்க நிறத் தொடுமுனைகளுக்கு மேலே எட்டிப் பார்த்தால் பலகையில் நிண்டெண்டோ என்ற எழுத்து தெரிய வேண்டும். இந்த எழுத்தைப் பார்க்க டார்ச் போதும், திருப்புளி வேண்டாம். விளையாட்டைத் துவக்கியதும் ‘உள் பேட்டரி தீர்ந்துவிட்டது’ என்று செய்தி வந்தால் பதற வேண்டாம். அசலிலும் இருபது வருடத்தில் அந்தப் பேட்டரி தீர்ந்திருக்கும்; அது கடிகாரத்தை மட்டும் ஓட்டுவது, ஆட்டத்தின் சேமிப்பை அல்ல. செய்தி வராத கேசட்டைத்தான் நான் இரண்டாவது முறை பார்ப்பேன். யாரோ பேட்டரி மாற்றியிருக்கலாம், நகலாகவும் இருக்கலாம். பழைய போகிமான் ரெட், புளூ கேசட்டுகளில் நிலைமை வேறு. அங்கே பேட்டரி தீர்ந்தால் சேமித்ததெல்லாம் போய்விடும். மாற்றிக்கொள்ளலாம், ஆனால் உங்கள் அண்ணன் 1999-இல் வளர்த்த பிகாச்சு திரும்பாது.

கருவிகளில் நகலைவிடப் பெரிய சிக்கல், பாடி மாற்றியவை. சீனாவிலிருந்து புது மேல்கூடும் பொத்தான்களும் ஸ்டிக்கரும் சேர்ந்த தொகுப்பு வருகிறது. பழைய பலகையை எடுத்து அதில் பொருத்தினால் கடையிலிருந்து இப்போதுதான் வந்ததுபோல் இருக்கும். விளையாடுவதற்கு இதில் ஒரு குறையும் இல்லை. நானே இரண்டு கருவிகளுக்கு மாற்றியிருக்கிறேன். புதிய பிரகாசத் திரை போட்டவையும் அப்படியே: கண்ணுக்குச் சுகம், சேகரிப்பாளருக்கு முகச்சுளிப்பு. தவறு என்பது மாற்றியதைச் சொல்லாமல் அசல் விலை கேட்பதில்தான். பின்பக்கத்தைப் பாருங்கள். நிண்டெண்டோ உடலை மூடும் திருகுகளின் தலை ஒய் எழுத்துபோல் மூன்று கவர் கொண்டிருக்கும். அந்த இடங்களில் சாதாரண நட்சத்திரத் திருகுகள் இருந்தால் யாரோ உள்ளே போய் வந்திருக்கிறார்கள்.

அட்டைப்பெட்டி பற்றி ஒரு வார்த்தை. நம் வீடுகளில் அந்தப் பெட்டிகள் நூல்கண்டும் ஊசியும் வைக்கப் போய், பிறகு பழைய பேப்பர்காரரிடம் போய்ச் சேர்ந்தன. அதனால் கருவி கோடிக்கணக்கில் இருந்தாலும் பெட்டி அரிது. கருவி, பெட்டி, கையேடு, உள் அட்டை எல்லாம் சேர்ந்திருந்தால் வெறும் கருவியைப்போல் இரண்டு மூன்று மடங்கு கேட்பார்கள். விளையாட வாங்குகிறீர்கள் என்றால் அதற்குப் பணம் கொடுக்காதீர்கள். பெட்டியில் விளையாட முடியாது.

இதையெல்லாம் பார்த்த பிறகும் எண் ஒன்று வேண்டுமே. இணையத்தில் ஒருவர் கேட்கும் விலை அவருடைய ஆசை. கைமாறிய விலைதான் விலை. ஈபேயில் விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டச் சொல்லும் வசதி இருக்கிறது. அதே மாடல், அதே நிலை, அண்மைய மூன்று மாதம் என்று ஏழெட்டைப் பார்த்து, உச்சத்தில் ஒன்றையும் அடியில் ஒன்றையும் தள்ளிவிட்டு நடுவில் உள்ளதை எடுத்துக்கொள்வேன். அதன் பிறகுதான் சுங்கக் கணக்கு.

இப்போது தார்ப்பாய்க்குத் திரும்புகிறேன். எஸ்பியில் இரண்டு வகை உண்டு. 2003-இல் வந்த ஏஜிஎஸ்-001-இல் விளக்கு திரையின் முன்பக்கத்திலிருந்து படும். படம் கொஞ்சம் வெளுத்துத் தெரியும். 2005-இல் வந்த ஏஜிஎஸ்-101-இல் விளக்கு திரைக்குப் பின்னால். படம் பளிச்சென்று இருக்கும், விலையும் அதற்கேற்ப. இது ஜப்பானில் வெளியாகவே இல்லை. அதனால்தான் ஜப்பான் கணக்கு இதற்குச் செல்லாது. பார்வைக்கு இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். ஸ்டிக்கர் ஒட்டத் தெரிந்தவர் ஒன்றை மற்றொன்றாக்கிவிடலாம். ஆனால் கீலுக்குச் சற்றுக் கீழே, நடுவில் ஒரு சிறு பொத்தான் இருக்கிறது. 101-இல் அதை அழுத்தினால் வெளிச்சம் ஒருபடி ஏறும், ஒருபடி இறங்கும், ஒருபோதும் அணையாது. 001-இல் அணைந்துவிடும்.

“கருவியை ஆன் செய்து அந்தப் பொத்தானை அழுத்து” என்றேன். பாக்கி சார்ஜில் அது உயிர்பெற்றது. அவன் அழுத்தினான். திரை சட்டென்று இருண்டு, வெயிலில் கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் மட்டும் தெரியும் சாம்பல் படமாகிவிட்டது. மீண்டும் அழுத்தினான், விளக்கு வந்தது. பின்னால் திருகுகள் எல்லாம் நட்சத்திரத் தலை.

கடைக்காரர் டீயைக் கீழே வைத்துவிட்டு, “இன்னொரு தடவை அழுத்துங்கள்” என்றார். காரணத்தைச் சொன்னேன். ஸ்டிக்கரைப் பற்றி அவருக்கு உண்மையிலேயே ஒன்றும் தெரியவில்லை; மூட்டையோடு வாங்கியிருக்கிறார். கொஞ்ச நேரப் பேச்சுக்குப் பிறகு 3,200 ரூபாய்க்கு முடிந்தது. பாடி மாற்றிய 001-க்கு அது நியாயமான தொகை. அக்காள் மகனுக்கும் சேகரிக்க அல்ல, விளையாடத்தான் வேண்டும்.

அடுத்த ஞாயிறு அந்தப் பக்கம் போனபோது அவரிடம் இன்னொரு எஸ்பி இருந்தது. எதிரே ஓர் இளைஞர் குந்தி உட்கார்ந்திருந்தார். கடைக்காரர் பொத்தானை அழுத்தி விளக்கை அணைத்தும் எரியவிட்டும் காட்டிக்கொண்டிருந்தார்.

“பாருங்கள், இதில் விளக்கை முழுதாக அணைத்துவிடலாம். பேட்டரி மிச்சம். பின்னால் வந்த மாடலில் இந்த வசதியே கிடையாது. 9,500 ரூபாய்.”